சோஃபியாவில் மூன்று நாட்கள்

என் மனைவி ஒரு பயணத்துக்குத் திட்டம் போடுகிறாள் என்பதை எனக்கு முதலில் சொன்னது அவளல்ல, எங்கள் வீட்டு அச்சுப்பொறி. 2008ஆம் ஆண்டு செப்டெம்பர். ஜெர்மனியில் நாங்கள் இருந்த வுப்பர்டாலில் மழைக்காலம் தொடங்கிவிட்டது. காலை வேலை முடிந்து வந்து ஈரச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கூடத்து மூலையில் அந்த இயந்திரம் கரகரவென்று தாள்களைத் தள்ளிக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் விமான நேரங்கள். இன்னொன்றில் ஒரு ஹோட்டலின் படம். மூன்றாவது ஒரு நகரத்தின் ட்ராம் வரைபடம். மூன்றிலும் ஒரே பெயர்தான் இருந்தது: சோஃபியா.

"இது என்ன பிள்ளை?" என்று மகளிடம் கேட்டேன். அவளுக்கு அப்போது பதினொரு வயது. கணினிக்கு முன்னால் குந்தியிருந்தாள்.

"அம்மா கேட்டவா. ஹெர்ப்ஸ்ட்ஃபேரியனில, பள்ளிக்கூட லீவுக்க, நீங்களும் அம்மாவும் ஸ்டெட்டரைசே போகப் போறியளாம்."

"அப்பிடியெண்டா?"

"சும்மா ஒரு நகரத்தைப் பாக்கப் போறது அப்பா. மூண்டு நாள். என்ர வகுப்பில எல்லாற்றை அம்மா அப்பாவும் போறவை."

சும்மா. அந்தச் சொல்லில்தான் எனக்கு மூக்கில் வேர்த்தது.

எங்கள் ஆட்கள் சும்மா எங்கேயும் போவதில்லை. லண்டனுக்குச் சாமத்தியவீட்டுக்குப் போவோம். பாரிசுக்குக் கல்யாணத்துக்குப் போவோம், வரும்போது ஒரு கார் நிறைய முருங்கைக்காயும் கருவாடும் வரும். தேர், செத்தவீடு, பிள்ளைகளின் நடன அரங்கேற்றம். இவை ஒன்றுமில்லாமல், சொந்தக்காரர் இல்லாத, கோயில் இல்லாத, கறிவேப்பிலை விற்காத ஒரு ஊருக்குத் தமிழன் ஒருவன் விமானம் ஏறினால், அவன் யாரையோ கூட்டிக்கொண்டு வரப் போகிறான் என்று அர்த்தம். எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

நான் இயல்பிலேயே சந்தேகக்காரன். கடையில் தந்த மிச்சக் காசை இரண்டு தரம் எண்ணுகிறவன், கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிறவன். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. சோஃபியா விஷயத்தில் என் சந்தேகத்துக்கு இன்னொரு காரணம் இருந்தது. அதை நான் எனக்கே உரத்துச் சொன்னதில்லை.

என் மனைவி எனக்குப் பேசிச் செய்த பெண். அந்தக் காலத்தில் நான் ஜெர்மனியில் அகதி; ஊருக்குப் போய்த் தாலி கட்ட ஏலாது. பெண்ணைத்தான் ஏஜென்சிக்காரன் மூலம் இங்கே கூப்பிட வேண்டும். எங்களில் பாதிப் பேரின் கல்யாணம் அப்படித்தான் நடந்தது. இரண்டு கிழமையில் வந்துவிடுவாள் என்றார்கள். வழியில் சோஃபியாவில் ஐந்து மாதம் அகப்பட்டுவிட்டாள். ஏஜென்சிக்காரனின் வீடொன்றில் வேறு ஆட்களோடு இருந்தாள்; கிழமைக்கு ஒருதரம் அங்கத்தைத் தபால் கந்தோருக்குப் போய் எனக்குத் தொலைபேசி எடுப்பாள். தனியாக வரும் பெண்ணை எல்லைகளில் மறிப்பார்கள் என்பதால், ஏஜென்சிக்காரர்கள் அவளை ஒரு ஆணோடு சேர்த்து, கணவன் மனைவி என்று கள்ளக் கடவுச்சீட்டுச் செய்வது வழக்கம். அவளுக்கும் அப்படி ஒரு கணவன் இருந்தான், தாளில்.

இதை அவளே, கல்யாணமான முதற்கிழமையில் எனக்குச் சொன்னாள். "பிறகு அந்தாள் எங்க?" என்று கேட்டேன். "வழியில பிரிஞ்சிட்டம்" என்றாள். அவ்வளவுதான். பிறகு நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பன்னிரண்டு வருடம் அந்த இரண்டு சொற்களையும் நான் மென்றுகொண்டே இருந்தேன். அவள் யன்னலைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கும் நேரங்களில் எல்லாம், இப்போது அவனைத்தான் நினைக்கிறாளோ என்று நினைப்பேன். இப்படி நினைப்பது அசிங்கம் என்று தெரியும். தெரிந்தும் நினைத்தேன்.

அன்று பின்னேரம் அவள் வேலையால் வந்ததும், தாள்களை மேசையில் வைத்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன். அவள் எல்பர்ஃபெல்டில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்தாள்.

"ஏன் சோஃபியா? வேற நகரம் இல்லையோ?"

"ரிக்கெற் மலிவப்பா. இப்ப அதுவும் ஐரோப்பிய யூனியன்தானே. எங்களுக்கும் பாஸ்போட் கிடைச்சிட்டுது. ஒருக்காப் போய்ப் பாப்பம்."

"பிள்ளை?"

"தன்ர சிநேகிதி வீட்டில நிப்பாள். கதைச்சிட்டன்."

"ஏன் வியாழக்கிழமை போய்ச் சனிக்கிழமை வாறது? சனி போய்த் திங்கள் வரலாமே?"

"எனக்கு லீவு அப்பிடித்தான் கிடைச்சது."

குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த அவளுடைய வேலை அட்டவணையை நான் போய்ப் பார்த்தேன். அந்தக் கிழமை ஏழு நாளும் லீவு. என் மனைவி சாதாரணமாகப் பொய் சொல்லாதவள். பால் பழுதாகிவிட்டால்கூட அது தன் கவனயீனம் என்று சொல்பவள்.

அதற்குப் பிறகு கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு அவளைக் கவனிக்கத் தொடங்கினேன். மகள் இன்னொரு தாளையும் எடுத்துக் கொடுத்திருந்தாள். 'சோஃபியாவில் பார்க்க வேண்டிய பத்து இடங்கள்' என்று ஜெர்மன் மொழியில் இருந்தது. பொன்முலாம் பூசிய குவிமாடத் தேவாலயம், பழைய குளியல் மாளிகை, மலைக்குப் போகும் வழி. மனைவி அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு நாளில் அதன் பின்பக்கத்தில் மரக்கறிப் பட்டியல் எழுதிவிட்டாள். ட்ராம் வரைபடம் மட்டும் அவளுடைய கைப்பைக்குள் போயிருந்தது. அவள் குளிக்கும்போது எடுத்துப் பார்த்தேன். நகரத்தின் நடுவில் ஒரு அடையாளமும் இல்லை. வடக்கே போகிற ஒரு பாதையின் கடைசிப் பக்கத்தில், ஒரு தரிப்பைச் சுற்றி நீலப் பேனாவால் வட்டம் போட்டிருந்தாள். ஒரு தரமல்ல, நாலைந்து தரம் சுற்றியிருந்தாள். தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தியிருந்தாள்.

நகரம் பார்க்கப் போகிறவள் நகரத்தின் விளிம்புக்கு ஏன் போகிறாள்? அங்கே யார் இருக்கிறார்?

சனிக்கிழமை தமிழ்க்கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணைக்குத் தெரியாத எல்லை ஐரோப்பாவில் இல்லை. அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டே கேட்டேன்.

"அண்ணை, சோஃபியாவில என்ன இருக்கு?"

"ஆர் போறது?"

"ஒருத்தரும் போகேல்லை. சும்மா கேட்டன்."

"சும்மா கேக்கிற ஊரே அது?" அண்ணை கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "அங்க எங்கட ஒண்டும் இல்லை. ஆனா துருக்கிப் பக்கத்தால வாறவை நிண்டு வாற இடம். உம்மட மச்சான் இப்ப எங்க நிக்கிறார்?"

என் மச்சான், மனைவியின் தம்பி, அப்போது கொழும்பில் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் ஒளித்ததுபோல இருந்தான். வன்னியில் சண்டை இறுகிக்கொண்டிருந்தது. கொழும்பில் இளம் பெடியளை இரவோடு இரவாக ஏற்றிக்கொண்டு போனார்கள். அவனை எப்படியாவது வெளியே எடுக்க வேண்டும் என்று மனைவி பலதரம் அழுதிருக்கிறாள். அண்ணை கேட்டதும் எல்லாம் எனக்குப் படார் என்று பொருந்தியது. எங்கள் ஆட்கள் அதற்குத் 'தலை மாத்திறது' என்பார்கள்: ஒருவரின் கடவுச்சீட்டில் இன்னொருவரின் படத்தை ஒட்டுவது. நானும் மச்சானும் ஒரே உயரம். என் மீசையை எடுத்துவிட்டால் அக்கம்பக்கத்தார்கூடக் குழம்புவார்கள். அவள் என்னை ஏன் கூட்டிக்கொண்டு போகிறாள்? என் கடவுச்சீட்டுக்காக.

உண்மையைச் சொன்னால், அந்த எண்ணம் எனக்கு ஒரு ஆறுதலாக இருந்தது. தம்பிக்காக மனைவி களவு செய்கிறாள் என்றால் கோபப்படலாம், வெளியே சொல்லலாம். மற்றச் சந்தேகத்தை யாரிடம் சொல்வது?

திங்கட்கிழமை விடிய, அலுமாரி லாச்சியிலிருந்து எங்கள் மூன்று பேரின் கடவுச்சீட்டுகளையும் எடுத்தேன். நான் வேலை செய்தது குறடுகள் செய்யும் தொழிற்சாலை. உடுப்பு மாற்றும் அறையில் என் பெட்டிக்குள், இரும்பு மூக்குச் சப்பாத்தின் அடியில் அவற்றைத் திணித்துப் பூட்டினேன். பூட்டியபின் வழக்கம்போல இழுத்தும் பார்த்தேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சந்தேகக்காரனுக்குப் பூட்டு மட்டும் போதாது, ஆதாரமும் வேண்டும். மதிய இடைவேளையில் தொலைபேசி அட்டை ஒன்றை வாங்கி மச்சானுக்கு எடுத்து, நூல் விட்டுப் பார்த்தேன்.

"எப்பிடி, வெளிக்கிடுற யோசினை ஏதும் இருக்கோ?"

மறுமுனையில் அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்.

"அத்தான், கூப்பிடப் போறியளோ?"

"இல்லை, சும்மா கேட்டன். சோஃபியாவுக்கு வரச் சொன்னா வருவீரோ?"

"எங்க எண்டாலும் வருவன் அத்தான். எங்க எண்டாலும்."

அவனுடைய குரலிலேயே தெரிந்துவிட்டது, அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று. சோஃபியா எந்த நாட்டில் இருக்கிறது என்பதுகூடத் தெரியாது. "அக்காவுக்குச் சொல்லாதையும்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். அவன் காரணமில்லை என்றானபின் மிஞ்சியிருந்தது மற்றது மட்டும்தான். அன்று முழுக்க நான் அடித்த குறடுகளில் எத்தனை கழிவுப் பெட்டிக்குப் போயினவோ தெரியாது.

அந்த வாரக் கடைசி, ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. நான் கூடத்தில் இருந்து காது கொடுத்தேன். முதலில் அவள் "ஆர் சொன்னது?" என்றாள். பிறகு, "அத்தானோ?" என்றாள். பிறகு நீண்ட நேரம் மெல்லிய குரலில் ஏதோ சொல்லிச் சமாதானப்படுத்தினாள். வைத்துவிட்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"அவனுக்கு என்ன சொன்னனீங்கள்?"

"ஒண்டும் சொல்லேல்லை. சும்மா கேட்டன்."

"சும்மா கேட்டனீங்களோ? அவன் லொட்ஜைக் காலி பண்ணிறன் எண்டு சொல்லிப்போட்டான். அம்மாவுக்கும் எடுத்துச் சொல்லியிருக்கிறான், அத்தான் கூப்பிடுறார் எண்டு. அம்மா கோயிலுக்கு நேத்தியும் வைச்சிட்டாவாம். உயிருக்குப் பயந்துகொண்டு கிடக்கிறவனோட விளையாடுறீங்களோ?"

அவள் நேரே போய் அலுமாரி லாச்சியைத் திறந்தாள். லாச்சி வெறுமையாக இருந்தது.

"பாஸ்போட் எங்க?"

குட்டு வெளிப்பட்டுவிட்டது. பிழை செய்தவன் வெட்கப்பட வேண்டிய இடத்தில் நான் எகிறினேன். எனக்கு அதுதான் பழக்கம்.

"நீர் எனக்குப் பொய் சொல்லலாம், நான் பாஸ்போட்டை எடுக்கக்கூடாதோ? கிழமை முழுக்க லீவை வைச்சுக்கொண்டு வெள்ளிக்கிழமை அங்க நிக்கவேணும் எண்டால் என்ன அர்த்தம்? அந்த வட்டம் போட்ட இடத்தில ஆர் இருக்கிறது? அந்தாளைப் பாக்கத்தானே போறீர்?"

பன்னிரண்டு வருடமாகச் சொல்லாததைச் சொல்லிவிட்டேன். அவள் மறுப்பாள் என்று நினைத்தேன். கத்துவாள், குறைந்தது அழுவாள்.

"ஓம்" என்றாள். "அவனைப் பாக்கத்தான் போறன்."

கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். கையில் இன்னும் வெங்காயக் கத்தி இருந்தது. அதை மேசையில் வைத்தாள்.

"அந்தத் தரிப்பில ஒரு சவக்காலை இருக்கு. அங்கதான் அவனைத் தாட்டது."

எனக்கு முதலில் அது ஏறவே இல்லை. அவள் சொல்லிக்கொண்டே போனாள். குரல் உயரவும் இல்லை, தாழவும் இல்லை. இல்லத்தில் தாதி மாறும்போது நோயாளியின் விவரம் சொல்வதுபோலச் சொன்னாள்.

அவனுக்கு இருபத்திரண்டு வயதாம். அவளைவிட மூன்று வயது இளையவன். கடவுச்சீட்டில்தான் முப்பது. வீட்டுக்குள் அவளை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவான். வெளியே போனால் மட்டும், ஏஜென்சிக்காரன் சொல்லிக் கொடுத்தபடி, அவள் பக்கத்தில் விறைத்துக்கொண்டு நடப்பான். பனிக்காலத்தில் காய்ச்சல் வந்தது. நெஞ்சுச் சளி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் எல்லோரும் பிடிபடுவோம் என்று ஏஜென்சிக்காரன் மறித்தான். கடைசியில் அவள் போட்ட சத்தத்தில்தான் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. உடலைப் பொறுப்பெடுக்க யார் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். தாளில் அவள்தான் மனைவி. கையெழுத்து வைத்தாள்.

"உங்களிட்ட வரமுதலே நான் தாலி அறுத்தவள்" என்றாள். "தாளிலதான். ஆனா எங்கட சனத்துக்கு அது போதும். உங்கட அம்மாவுக்குத் தெரிஞ்சிருந்தா இந்தக் கல்யாணம் நடந்திருக்குமோ? அதுதான் வழியில பிரிஞ்சிட்டம் எண்டு சொன்னனான். அது பொய்யில்லை."

"எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாம்" என்றேன். சொல்லும்போதே எனக்கு அது பொய் என்று பட்டது.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "கையெழுத்து வைச்சிட்டு நேர தபால் கந்தோருக்குத்தான் வந்தனான். நீங்கள் என்ர கோலைப் பாத்துக்கொண்டு இருப்பீங்கள் எண்டு. ஒவ்வொரு கிழமையும் கேக்கிறதுதானே நீங்கள், அந்த வீட்டில எத்தினை ஆம்பிளையள் எண்டு? அண்டைக்கும் கேட்டனீங்கள். போன கிழமை நாலு, இப்ப மூண்டு எண்டன். 'அப்ப நல்லது' எண்டனீங்கள்."

எனக்கு நினைவிருந்தது. அதுதான் கொடுமை. அவள் இல்லாததைச் சொல்கிறாள் என்று ஒரு கணமாவது சந்தேகப்பட முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் அன்று நின்ற இடம் நினைவிருந்தது. ஒரு ஆள் குறைந்த சந்தோஷத்தில், வேலைக்குப் போகும் வழியில் ஒரு கேக் துண்டு வாங்கித் தின்றதும் நினைவிருந்தது. எழும்பிப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இஞ்ச ஜெர்மனியில எண்டால் இருபது இருபத்தைஞ்சு வருசத்தில குழியைக் கிண்டி வேற ஆளுக்குக் குடுத்திடுவினம்" என்று அவள் பின்னாலிருந்து சொன்னாள். "இல்லத்தில நான் பாக்கிறதுதானே. அங்க எத்தினை வருசமோ தெரியாது. ஜெர்மன் பாஸ்போட் வந்த நாளில இருந்து இதுதான் நினைவு. அவன்ர இடத்தைப் பாக்கவேணும். சவக்காலைக் கந்தோர் வெள்ளிக்கிழமை மட்டும்தான் திறப்பினம். அங்க போய் உங்களுக்குச் சொல்லலாம் எண்டு இருந்தனான். இஞ்ச சொன்னா வரமாட்டீங்கள் எண்டு நினைச்சன்."

"வாறன்" என்றேன்.

"அவசரப்படாதேங்கோ. கந்தோரில கேப்பினம், நான் அவனுக்கு ஆர் எண்டு. என்னட்ட இருக்கிற துண்டில பெஞ்சாதி எண்டுதான் கிடக்கு. நான் பெஞ்சாதி எண்டு சொல்லவேணும். உங்களைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு சொல்லவேணும். ஏலுமோ உங்களால?"

குழாயை மூடினேன். உள்ளே மகள் தொலைக்காட்சி பார்க்கும் சத்தம் கேட்டது. என் மனைவி பதிலுக்காகக் காத்திருந்தாள். நான் என்ன சொல்வேன் என்று அவளுக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு வருடம் என்னோடு இருந்தவளுக்கு, நான் இதற்கு எப்படி நடந்துகொள்வேன் என்று நிச்சயமில்லை. அவள்மேல் எனக்கிருந்த சந்தேகத்தைவிட என்மேல் அவளுக்கிருந்த சந்தேகம் நியாயமானது.

"ஏலும்" என்றேன்.

"அப்ப நீங்கள் ஆர் எண்டு கேட்டால்?"

நான் அதை யோசித்திருக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அவன்ர தமையன் எண்டு சொல்லுறன்."

அவள் கத்தியை எடுத்தாள், மிச்ச வெங்காயத்தை வெட்டப் போகிறவள்போல. வெட்டவில்லை. அவனுக்காக அவள் அழுததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.